ஒரே மெஷின், நாலு ஆர்டர்: எதை முதலில் ஏற்றுவது?

கோவைப் பக்கம் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறவர்களுக்குத் தினமும் வரும் சிக்கல் இது. லேத் மூன்று நாலு இருக்கும், விஎம்சி (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைக் குடைந்து செதுக்கும் மெஷின்) ஒன்றுதான் இருக்கும், எல்லா வேலையும் அதன் முன்னால் வந்து நிற்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வந்த வரிசையிலேயே சொல்கிறேன்: பம்ப் உறை 7 நாள் வேலை, கெடு 10-ஆம் நாள். பிராக்கெட் 2 நாள், கெடு 14. கியர்பாக்ஸ் மூடி 5 நாள், கெடு 8. ஃபிளாஞ்ச் 1 நாள், கெடு 15. எப்படி அடுக்கினாலும் மெஷின் ஓய்வது 15-ஆம் நாள்தான்.

வந்த வரிசையில் போட்டால் மூடி 6 நாள் தாமதம். வரிசை தப்பியது என்று யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், அது ஒன்றுதான் லாபம்.

சின்ன வேலை முதலில் என்றால் 1, 3, 8-ஆம் நாள்களில் மூன்று பில் சீக்கிரம் போய்விடும். ஒரு வேலை முடிய சராசரியாக 6.75 நாள், வந்த வரிசையில் அதுவே 11.25. சராசரிக் காத்திருப்பைக் குறைக்க இதைவிட நல்ல வரிசை கிடையாது, 1956-லேயே நிரூபித்துவிட்டார்கள். ஆனால் பம்ப் உறை 5 நாள் தாமதம். இன்னொரு ஆபத்தும் உண்டு: நடுவில் புதிதாகச் சின்ன வேலைகள் வந்துகொண்டே இருந்தால் அந்த உறை மூலையிலேயே கிடக்கும், பெரிய பார்ட்டி கையை விட்டுப் போவது இப்படித்தான்.

கெடு நெருங்கியது முதலில்: மூடி, உறை, பிராக்கெட், ஃபிளாஞ்ச். சராசரி 11.5, மூன்றிலும் இதுதான் மோசம், முதல் பில்லே 5-ஆம் நாள்தான். ஆனால் உறை மட்டும் 2 நாள் தாமதம், அவ்வளவுதான். இரண்டு நாளை முதல் நாளே போன் போட்டுப் பேசி வாங்கிவிடலாம், ஆறு நாளை வாங்க முடியாது.

என் ஓட்டு கெடுவுக்குத்தான். சம்பள வாரம் நெருங்கிக் கையில் காசே இல்லை என்றாலோ, வேலை குவிந்து எல்லாக் கெடுவும் ஏற்கெனவே தாண்டிவிட்டது என்றாலோ சின்னதை முதலில் ஏற்றுங்கள், ஆனால் பெரிய வேலை எதுவும் இத்தனை நாளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று ஒரு வரம்பைப் போர்டில் எழுதிவிட்டு ஏற்றுங்கள். அப்புறம், இந்த யோசனை எல்லாம் விஎம்சிக்கு மட்டும்தான். சும்மா நிற்கிற லேத்துக்கு வரிசை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.