கும்பகோணத்து அடுப்பில் ஸ்பேட்ஸ்லே

ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் பணிபுரியும் மகளைக் காணச் சென்றிருந்தபோது, அந்நகரைச் சூழ்ந்த ஸ்வாபியப் பகுதியின் அன்றாட உணவான ஸ்பேட்ஸ்லேயை அங்குள்ள உணவகம் ஒன்றில் முதன்முதலாக உண்டேன். முட்டை சேர்த்து அடித்த மாவைச் சிறு மரப்பலகையில் பரப்பி, கத்தியால் சீவிக் கொதிநீரில் தள்ளி எடுப்பது அதன் பழைய முறை. ஒவ்வொரு துண்டும் வெவ்வேறு நீளத்தில் இருந்ததே அது கையால் சீவியது என்பதைச் சொல்லிற்று. ஸ்வாபிய ஸ்பேட்ஸ்லேக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் புவிசார் குறியீடு வழங்கியிருக்கிறது.

பலகையில் சீவும் கைப்பக்குவம் எனக்கு எளிதில் வராது என்று அறிந்த மகள், ஊர் திரும்பும்போது எவர்சில்வர் ஹோபல் ஒன்றை வாங்கித் தந்தாள். துளைகள் இட்ட நீளமான தகடும், அதன்மேல் முன்னும் பின்னும் நகரும் சிறு பெட்டியும் கொண்ட எளிய கருவி அது. 400 கிராம் மைதா, 4 முட்டை, ஏறத்தாழ 150 மில்லி தண்ணீர், உப்பு ஆகியவற்றைச் சேர்த்து, குமிழி தோன்றும்வரை கரண்டியால் அடித்துக் கால்மணி நேரம் வைத்திருந்தால், தூக்கும்போது சட்டென அறுந்து விழாமல் இழுபட்டு இறங்கும் பதம் வரும். அதைப் பெட்டியில் இட்டு நகர்த்தினால் துளிகள் கொதிநீரில் விழுந்து, வெந்ததும் மேலே மிதந்து வருகின்றன. ஜல்லிக் கரண்டியால் அரித்தெடுக்க வேண்டியதுதான்.

ஹோபல் இல்லாமல் பூந்திக் கரண்டியிலும் செய்து பார்த்திருக்கிறேன். மாவு தானாக இறங்காததால் ஒரு கையால் கரண்டியைப் பிடித்து மறுகையால் தேய்க்க வேண்டியிருந்தது; ஆவியில் கை வெந்தது. இடியாப்ப நாழியிலோ இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. ஹோபல் பாத்திரத்தின் விளிம்பிலேயே அமர்ந்துகொள்வதால் இந்தச் சிரமங்கள் இல்லை. ஆனால் வாய் குறுகிய குண்டானில் அது நிலையாக நிற்பதில்லை. அகன்ற வாயுள்ள பாத்திரம் தேவை. வேலை முடிந்த உடனே குளிர்ந்த நீரில் போட்டுவிட வேண்டும். வெந்நீர் ஊற்றினால் முட்டை வெந்து துளைகளை அடைத்துவிடும். துண்டுகள் சிறிதாகவும் ஒரே அளவாகவும் விழுவதால், உணவகத்தில் உண்டதன் இழுவை இதில் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

அங்கே இதனுடன் சமைத்த பருப்பையும் மெல்லிய புகையூட்டிய சாசேஜையும் பரிமாறுகிறார்கள். தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பு அதற்கு நன்றாகப் பொருந்துகிறது. வெங்காயம், காரட்டுடன் வேகவைத்து, இறுதியில்தான் வினிகர் சேர்க்க வேண்டும். புளியை முன்னதாக ஊற்றினால் பருப்பு வேகாது என்று நம் வீடுகளில் சொல்லும் அதே காரணம்தான். மிளகாயும் மஞ்சளும் இல்லாத பருப்பு எப்படி இருக்குமோ என்று தயங்கிய என் கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கி உண்டார். சாசேஜுக்கு இங்கே சரியான மாற்று கிடைக்கவில்லை. உறைநிலையில் விற்கும் கோழி சாசேஜில் அந்தப் புகை மணம் இல்லாததால் அதை விட்டுவிட்டோம்.

மீந்த ஸ்பேட்ஸ்லேயை மறுநாள் காலையில் வெண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்து, ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறினால், முதல் நாளைவிட அதுவே எனக்கு அதிகம் பிடிக்கிறது.