வில்லிஸா, ஃபோர்டா?

இரண்டாம் உலகப் போர் ஜீப் ஒன்றை வாங்கிச் சீரமைக்க நினைப்பவருக்கு முன்னால் இரண்டு பெயர்கள் நிற்கும்: வில்லிஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ. ஒரே வடிவமைப்புதான். அதே 60 குதிரைத்திறன் நான்கு சிலிண்டர் இன்ஜின், அதே 6 வோல்ட் மின்சாரம். ஓட்டிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் குனிய வேண்டும். ரேடியேட்டருக்குக் கீழே வண்டியின் அடிச்சட்டத்தின் (சேஸிஸ்) குறுக்குக் கம்பியைத் தடவிப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ்; கவிழ்த்த தொட்டி மாதிரி இருந்தால் ஃபோர்டு. சேஸிஸ் எண்ணை ஃபோர்டு இடப்பக்கச் சட்டத்தின் மேலேயே அடித்திருக்கும். வில்லிஸ் ஒரு சின்னத் தகட்டில் பொறித்து ஆணியடித்தது. அந்தத் தகடு பல வண்டிகளில் எப்போதோ காணாமல் போயிருக்கும்.

ஃபோர்டின் அழகும் தலைவலியும் ஒரே எழுத்தில் இருக்கின்றன: 'எஃப்'. போல்ட் தலையில்கூட அதைப் பொறித்தார்கள். அசல்தன்மையில் பிடிவாதம் உள்ளவர் துருப்பிடித்த போல்ட் ஒவ்வொன்றையும் தேய்த்துத் தேய்த்து அந்த எழுத்தைத் தேடுவார். (இது ஒரு வியாதி, சொல்லிவிட்டேன்.)

போர்க்காலப் பழுதுப் பட்டறைகள் இன்ஜினை மாற்றிப் பொருத்தியபோது பெயரைப் பார்க்கவில்லை. அதனால் ஃபோர்டு சட்டத்தில் வில்லிஸ் இன்ஜின் இருந்தால் பதற வேண்டாம்.

முதல் வண்டி என்றால் என் ஓட்டு வில்லிஸுக்கு. போல்ட் வேட்டையில் ருசி இருந்தால், சரி, ஃபோர்டை எடுங்கள்.