பந்து மலைப்பாம்பு என்று சொல்லி என்னிடம் விற்றது நம் காட்டுக் குட்டியை

"வெளிநாட்டுப் பந்து மலைப்பாம்புக் குட்டிகள், முழுப் பத்திரங்களுடன், உங்கள் ஊருக்கே கொண்டுவந்து தரப்படும்" என்று ஒரு விளம்பரம் சில மாதங்களாக நம் பக்கத்துக் கைத்தொலைபேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ செல்லப் பிராணி வளர்க்கிறவர்கள் யாராக இருந்தாலும், பணம் அனுப்புவதற்கு முன் இதை வாசித்துவிடுங்கள். நான் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தேன். வந்தது ஆபிரிக்கப் பாம்பு அல்ல. நம் காடுகளில் வாழும் மலைப்பாம்பின் குட்டி. ஊர்ப் பெரியவர்கள் வெங்கணாந்தி என்பார்களே, அது. அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் சட்டப்படி குற்றம். விற்றவன் என் பணத்தை வாங்கிக்கொண்டு என்னையே அந்தக் குற்றத்துக்குள் இழுத்துவிட்டிருக்கிறான்.

பாம்பு பற்றி ஒன்றும் தெரியாமல் ஏமாந்தவன் அல்ல நான். லண்டனில் 11 வருடம் இருந்தேன். அங்கே பந்து மலைப்பாம்பை ரோயல் பைத்தன் என்பார்கள். இரண்டு பெண் பாம்பும் ஓர் ஆணும் வளர்த்தேன். வளர்ந்த பெண் நாலு அடி இருக்கும். ஆண் அதைவிடச் சிறியது. பயந்தால் கடிக்க வராது. தலையை நடுவில் ஒளித்துக்கொண்டு உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். அதனால்தான் அந்தப் பெயர். நஞ்சு கிடையாது. நன்றாகப் பராமரித்தால் 20, 30 வருடம் வாழும். அமெரிக்காவில் சென் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலையில் 60 வயதைத் தாண்டிய ஒன்று 2020 ஆம் ஆண்டு, ஆண் துணையே இல்லாமல், 7 முட்டை இட்டது.

என் வீட்டில் ஒரு பெண் பாம்பு ஐந்து முட்டை இட்டது. 58 ஆவது நாள் இரவு ஒரு முட்டையின் தோலில் சிறு கீறல். அதற்குள்ளிருந்து மூக்கு நுனி மட்டும் வெளியே தெரிந்தது, மூச்சு விடும்போது ஒரு குமிழி வந்து வந்து போனது. ஒன்றரை நாள் அப்படியே இருந்துவிட்டுத்தான் குட்டி வெளியே வந்தது. முதல் சட்டை உரிக்கப் பத்து நாள், அதற்குப் பிறகு முதல் இரை. ஒவ்வொரு குட்டிக்கும் பிறந்த தேதி, எடை, தின்ற நாள், தின்ன மறுத்த நாள் எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருந்தேன். ஊர் திரும்பும்போது எல்லாவற்றையும் அங்கே தெரிந்தவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தேன். கல்லடியில் அம்மாவுடன் இருக்கத் தொடங்கிய பிறகும் அந்த ஆசை விடவில்லை. நம் ஊர்ச் சூடு அதற்கு ஏறக்குறைய பொருத்தமானது, வெப்பமூட்டும் கருவிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது என்று அடிக்கடி நினைத்துக்கொள்வேன். விளம்பரம் கண்ணில் பட்டது அந்த நேரத்தில்தான்.

விற்றவன் மிகவும் மரியாதையாகப் பேசினான். வார்த்தைக்கு வார்த்தை "அண்ணா". முதலில் 'ஸ்பைடர்' என்ற நிறவகை இருக்கிறது, இரண்டு லட்சம் என்றான். அந்த வகைப் பாம்புகளுக்குப் பிறவியிலேயே தலை ஆடும் நரம்புக் கோளாறு உண்டு, சில சமயம் இரையையே சரியாகக் குறிவைக்க முடியாமல் தவிக்கும், அப்படி ஒன்றை நான் வாங்கமாட்டேன் என்றேன். "நீங்கள் விஷயம் தெரிந்தவர் அண்ணா, உங்களை ஏமாற்ற முடியாது" என்றான். அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் கேட்க வேண்டிய கேள்விகளை ஒழுங்காகக் கேட்கவில்லை. கேட்டவற்றுக்கு வந்த பதிலையும் சரியாகக் காதில் வாங்கவில்லை.

வாங்கியிருந்தால் அப்போதே புரிந்திருக்கும், ஏனென்றால் அவன் தானாகவே உண்மையைச் சொல்லியிருந்தான். "ஒரே தாயின் குட்டிகள் அண்ணா, 30 குட்டி, 18 விற்றுவிட்டது." பந்து மலைப்பாம்பு ஒரு தடவைக்கு நாலு, ஐந்து, ஆறு முட்டை இடும். 11 இட்டாலே மிக அதிகம். முப்பது முட்டை இடுவது நம் நாட்டு மலைப்பாம்பு. எங்கேயோ ஒரு காட்டோரத்தில் அதன் கூட்டையோ, பொரித்து வெளியே வந்த குட்டிகளையோ யாரோ கண்டு அள்ளியிருக்கிறார்கள். விற்ற மற்றக் குட்டிகளும் இப்படித்தான் ஏதோ வீடுகளுக்குப் போயிருக்கும். இரை என்ன கொடுக்கிறாய் என்று கேட்டதற்கு "கோழி இறைச்சியைச் சின்னத் துண்டாக வெட்டிக் கொடுக்கிறேன்" என்றான். பாம்பு வெட்டிய துண்டு தின்று வளராது. முழு எலிக்குஞ்சு வேண்டும். அதையும் விட்டுவிட்டேன்.

படங்கள் அனுப்பினான். கொழுத்த, பளபளக்கும் குட்டி, கருமண்ணிறத்தில் வெளிர் திட்டுகள், சந்தேகமே இல்லாமல் பந்து மலைப்பாம்பு. எல்லாம் கைமாறிய பிறகு அதே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பின்னால் சுவரில் ஒரு பிளக் பொயின்ட். இரண்டு தட்டைத் துளை, கீழே ஒரு வட்டத் துளை. அது அமெரிக்காவில் இருப்பது. நம் வீடுகளில் அப்படி ஒன்றைப் பார்க்கவே முடியாது. யாரோ ஒருவருடைய வீட்டில் எடுத்த படத்தைத் திருடி அனுப்பியிருக்கிறான்.

பத்திரம் கேட்டேன். ஊர்வன எதையும் நாட்டுக்குள் கொண்டுவர வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் பந்து மலைப்பாம்பு இருக்கிறது. இலங்கை 1979 இலேயே அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது. ஆகவே அனுப்பும் நாட்டின் ஏற்றுமதி அனுமதியும் கூடவே வர வேண்டும். அவன் அனுப்பியது ஒரே ஒரு தாளின் படம். மேலே இலச்சினை, கீழே முத்திரை, நடுவில் கலங்கிய எழுத்து. அந்தத் தாளின் இலக்கத்தை எடுத்துத் திணைக்களத்தில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே எல்லாம் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. வங்கியில் 60,000 போட்டேன். மீதி 50,000 கையில் கொடுப்பதாகப் பேச்சு.

ஆவணி மாதம், கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த நாள். அதிகாலை ஐந்தரைக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வான் வந்து நின்றது. சாரதிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியாது என்று நினைக்கிறேன். பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு ஒரு பிஸ்கட் பெட்டியைக் கொடுத்தான். பொதிகட்டும் நாடாவால் சுற்றிலும் ஒட்டியிருந்தது. காற்றுப் போக ஒரு துளைகூட இல்லை.

வீட்டு விறாந்தையில் வைத்துத் திறந்தேன். உள்ளே முடிச்சுப் போட்ட ஒரு தலையணை உறை. அவிழ்த்த உடனே குட்டி வாயைத் திறந்துகொண்டு பாய்ந்தது. பந்தாகச் சுருளவில்லை. இரண்டு அடி நீளத்துக்கு, முதுகெலும்பு கூரை முகடு மாதிரி எழும்பித் தெரிந்தது. தோலைக் கிள்ளினால் கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. அத்தனை நாள் தண்ணீர் கண்டிருக்கவில்லை. கீழ்த்தாடைச் செதில்களுக்கு நடுவில் உளுந்து அளவில் இரண்டு உண்ணி. பெட்டியில் பிறந்து பெட்டியில் வளர்ந்த பாம்பில் காட்டு உண்ணி வராது. தலையைப் பார்த்தேன். உச்சியில் ஈட்டி முனை போன்ற கபில நிற அடையாளம், மூக்குப் பக்கம் போகப் போக மங்கி இளஞ்சிவப்பாக மாறியது. உடம்பு வெளிர் மஞ்சள், அதில் கல் பதித்த தரை மாதிரிக் கபிலத் திட்டுகள். அந்த ஈட்டி முனையைக் கண்டதும் எனக்குக் கை நடுங்கிவிட்டது.

அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. "நாகதம்பிரானுக்குப் பால் வைக்கிற வீட்டில் இப்படி ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்து வைக்கலாமா மகன்?" என்று மட்டும் கேட்டா. லண்டனில் வளர்த்த பாம்புகளைப் பற்றிச் சொல்லும்போது, அவற்றின் சொந்தப் பூமியான பெனின் நாட்டில், உவிடா நகரில், மலைப்பாம்புக்கென்றே ஒரு கோயில் இருக்கிறது, அங்கே அதை யாரும் கொல்வதில்லை என்று முன்பு ஒருமுறை அம்மாவுக்குச் சொல்லியிருந்தேன். அன்று அம்மாவுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

அகலமான பாத்திரத்தில் தண்ணீர் வைத்தேன். குட்டி தலையை அமிழ்த்தி நெடுநேரம் குடித்தது. தாடை அசைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விற்றவனுக்கு அழைத்தேன், எடுக்கவில்லை. மத்தியானத்துக்குள் என்னைத் தடை செய்துவிட்டான். இரவே காட்டோரம் கொண்டுபோய் விட்டுவிடு என்று ஒரு நண்பர் சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். எந்த இடத்துப் பாம்பு என்று தெரியாது, உடம்பில் என்ன நோய் இருக்கிறது என்று தெரியாது, நடமாடத் தெம்பும் இல்லை. மறுநாள் காலை வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து நடந்ததை மறைக்காமல் சொன்னேன். வனஜீவராசிகள் அதிகாரிகள் வந்து எடுத்துச் சென்றார்கள். வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். விளம்பரம், வங்கிச் சீட்டு, பேச்சுப் பதிவு எல்லாம் கொடுத்தேன். அந்தத் தாளின் படத்தைப் பார்த்த அதிகாரி, இது எங்கள் பத்திரமே இல்லை என்றார். பொலிசிலும் முறைப்பாடு செய்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

சட்டத்தைப் பற்றிச் சிலர் "இது பாம்புதானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்கிறார்கள். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நம் மலைப்பாம்பைப் பாதுகாக்கிறது. ஏமாந்து வாங்கினேன் என்பது உண்மையாகவே இருந்தாலும், வீட்டில் வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த உண்மையின் பலம் குறைந்துகொண்டே போகும்.

எனக்கு உண்மையான பயம் வேறு ஒன்று. படுவான்கரை வயல்களில் வேலை செய்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், மலைப்பாம்புக் குட்டி என்று நினைத்துப் புடையன் (கண்ணாடி விரியன்) குட்டியைக் கையால் தூக்கியவர்களின் கதை சொல்வார்கள். புடையன் முட்டை இடாது, குட்டியாகவே ஈனும். பிறந்த அன்றைக்கே அதற்கு நஞ்சு உண்டு. முதுகில் மூன்று வரிசையாகச் சங்கிலி மாதிரி வட்டங்கள் ஓடும், செதில் சொரசொரப்பாக இருக்கும். காட்டில் கிடைத்ததை எல்லாம் அள்ளித் தலையணை உறையில் முடிந்து அனுப்புகிற ஒருவனுக்கு இந்த வித்தியாசம் தெரியுமா? என் விறாந்தையில் முடிச்சை அவிழ்த்தது வெறும் கையால். இதை எழுதும்போதும் அந்தக் காட்சிதான் வருகிறது.

இந்தப் பொழுதுபோக்கை நான் வெறுக்கவில்லை. அனுமதி உள்ள நாட்டில், அக்கறையோடு செய்கிறவர்களிடம் அது நல்ல பொழுதுபோக்கு. உண்மையாக வளர்த்துப் பொரிக்க வைத்தவரிடம் குட்டி பிறந்த தேதியைக் கேட்டால் உடனே சொல்வார். தாயையும் தகப்பனையும் காட்டுவார். எத்தனை இரை தின்றது, எப்போது சட்டை உரித்தது என்று நீங்கள் கேட்காமலே பேசிக்கொண்டிருப்பார். அன்றைய பத்திரிகையைப் பக்கத்தில் வைத்து ஒரு காணொளி எடுத்து அனுப்பச் சொன்னால் கோபப்படமாட்டார். ஆனால் நம் நாட்டில் இத்தனைக்கும் முன்னால் நிற்பது அனுமதிதான். அவர்கள் காட்டும் தாளின் இலக்கத்தைத் திணைக்களத்திலேயே கேட்டு உறுதிப்படுத்தாதவரை ஒரு சதம் கொடுக்க வேண்டாம். நேரில் போய்ப் பார்க்கக் கூடாது, வானில் மட்டும்தான் அனுப்புவேன் என்கிறவரிடம் அதற்கு மேல் பேசவே வேண்டாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் தலை உச்சியைப் பாருங்கள். ஈட்டி முனை தெரிந்தால் குட்டிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு இன்றைக்கே 1992 க்கு அழையுங்கள்.

போன கிழமை அதே விளம்பரம் வேறு பெயரில் திரும்பவும் வந்தது. விலை 95,000 ஆகக் குறைந்திருக்கிறது. சுவரில் அதே பிளக் பொயின்ட். இந்தப் பெயருக்கோ முந்தைய பெயருக்கோ பணம் அனுப்பியவர்கள், அனுப்பிய தேதியையும் வங்கிச் சீட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் பகுதிப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு போடுங்கள். அவன் சொன்ன கணக்குப்படி, எனக்கு விற்றது போக இன்னும் 11 குட்டிகள்வரை அவன் கையில் இருக்கலாம்.