வீட்டுப் பிரசவத்துக்குப் பணம் கட்டும் முன் ஃபெரிட்டின் பார்த்துவிடுங்கள்

வீட்டிலேயே பிள்ளை பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்கிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். கர்ப்பகாலம் முழுவதற்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்ட ஒரு பிரசவ உதவியாளர், என் உடம்பில் இரும்புச்சத்து வற்றிக்கொண்டே போனதை மாதக்கணக்கில் கண்டுகொள்ளவில்லை. கடைசி மாதத்தில் "உங்களை நான் எடுக்க முடியாது" என்று கைவிரித்துவிட்டார். அவர் பெயர் இங்கே வேண்டாம். என்ன பேசினார், என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன். இதே பேச்சை வேறு யார் பேசினாலும் உஷாராகிவிடுங்கள்.

ஆரம்பத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 11.3. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி முதல் மூன்று மாதத்தில் 11-க்குக் கீழே போனால்தான் ரத்தசோகை. அந்த வகையில் எண் சரிதான். ஆனால் படி ஏறினால் மூச்சு வாங்கியது, ராத்திரியில் கால்களை ஒரு இடத்தில் வைக்க முடியவில்லை, தலைமுடி கொத்தாகக் கொட்டியது. உடம்பில் இரும்பு எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் டெஸ்டும் பார்த்துவிடலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் ஆஸ்பத்திரியில் பயமுறுத்த எழுதிக் கொடுக்கிற டெஸ்டும்மா. கர்ப்பத்தில் ரத்தம் நீர்த்துப்போவது இயற்கை" என்றார்.

பாதி உண்மை கலந்திருப்பதால்தான் இந்தப் பதில் ஆபத்தானது. கர்ப்பத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி ஏறக்குறைய பாதி அளவு கூடுகிறது, சிவப்பணுக்கள் அந்த அளவுக்குக் கூடுவதில்லை. அதனால் ஹீமோகுளோபின் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதற்கு இடம் கொடுத்துத்தான் நடு மூன்று மாதத்துக்கான வரம்பை 10.5 என்று தாழ்த்தி வைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே போன பிறகு "இயற்கை" என்று சமாதானம் சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஃபெரிட்டின் காட்டுவது உடம்பின் இரும்பு இருப்பை. முதலில் இருப்பு காலியாகும், ஹீமோகுளோபின் அதற்கு அப்புறம்தான் சரியும். ஒரு கர்ப்பத்துக்கு மொத்தம் சுமார் 1000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது, அதில் பெரும்பகுதி பின்பாதியில். அவ்வளவு இருப்போடு கர்ப்பம் தரிக்கிற பெண்கள் குறைவு. ஃபெரிட்டின் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தாலே கர்ப்பிணிக்கு இருப்பு போதாது என்று பல வழிகாட்டுதல்கள் எடுத்துக்கொள்கின்றன. 15-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்ட காலி. காய்ச்சல், தொற்று இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும் என்பதால், அந்த நேரத்தில் வந்த "நார்மல்" ரிப்போர்ட்டை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

டெஸ்டுக்குப் பதிலாக அவர் கொடுத்தது ஒரு "இயற்கை இரும்பு டானிக்". அவரிடம் மட்டும்தான் வாங்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. பாட்டிலின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தால், ஒரு வேளைக்குச் சில மில்லிகிராம்தான் இரும்பு. குறைபாட்டைச் சரிசெய்ய ஒரு நாளைக்கு 40 முதல் 80 மில்லிகிராம் வரை எலிமென்டல் அயர்ன், அதாவது உப்பின் எடையைக் கழித்த நிஜ இரும்பு, கொடுப்பது வழக்கம். சாதாரண 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட் மாத்திரை ஒன்றிலேயே 65 மில்லிகிராம் இருக்கிறது. போதாக்குறைக்கு, அந்த டானிக்கைக் கால்சியம் மாத்திரையோடு சேர்த்துக் குடிக்கச் சொன்னார். கால்சியம், காபி, டீ, அசிடிட்டி மாத்திரை எல்லாமே இரும்பு உடம்பில் சேருவதைத் தடுப்பவை. வெறும் வயிற்றில், தண்ணீரோடோ வைட்டமின் சி உள்ள பானத்தோடோ, ஒரே வேளையாகப் போடுவதுதான் முறை. இரண்டு மூன்று வேளையாகக் கூட்டினால் வயிறு கெடுமே தவிர, இரும்பு அந்த அளவுக்குச் சேராது. மலச்சிக்கலும் குமட்டலும் தாங்கவில்லையென்றால் மருத்துவரைக் கேட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாம்.

இரண்டு மூன்று வாரம் சிகிச்சை எடுத்ததும் ரத்தத்தை மறுபடி பார்த்து, எண் ஏறுகிறதா என்று கவனிக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மருந்து சேரவில்லை, அல்லது தலசீமியா கூறு (பரம்பரையாக வரும் ஹீமோகுளோபின் குறை) போல வேறு காரணம் இருக்கிறது. இவரோ ஒவ்வொரு முறையும் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு "சிவப்பாத்தான் இருக்கு" என்பார். அதுதான் அவருடைய பரிசோதனை.

கடைசி மாதம் தலைசுற்றல் தாங்காமல் நானே போய் டெஸ்ட் எடுத்தேன். ஹீமோகுளோபின் 8.9, ஃபெரிட்டின் 6. ரிப்போர்ட்டை அனுப்பினேன். ஒரு குறுஞ்செய்தியில் விலகிக்கொண்டார். பணம் திரும்ப வராது, நீங்கள் முன்பே டாக்டரைப் பார்த்திருக்க வேண்டும் என்றார்!

அந்த எண்ணோடு வீட்டில் பிரசவம் பார்க்க மறுத்தது சரியான முடிவு, அதில் எனக்குச் சண்டை இல்லை. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு சொல்வதுபடி, வலி தொடங்கும்போது ஹீமோகுளோபின் 8.5-க்குக் கீழே இருந்தால் மகப்பேறு மருத்துவர்கள் இருக்கும் பிரிவில்தான் பிரசவம் பார்க்க வேண்டும். 8.5-க்கும் 10.5-க்கும் நடுவே இருந்தால் அந்தப் பெண்ணுக்கு எந்த இடம் தகும் என்று தனியாக ஆராய வேண்டும். பிரசவத்தில் 500 மில்லி ரத்தம் போனாலே அது அதிக உதிரப்போக்கு. ஹீமோகுளோபின் 12 உள்ளவருக்கே அதோடு 200 மில்லிகிராம் இரும்பு போய்விடும். இருப்பே இல்லாதவள் எதை வைத்துத் தாங்குவாள்? வீட்டில் ரத்தம் ஏற்ற வழியும் இல்லை. இதெல்லாம் தெரிந்த ஒருவர், முதல் மூன்று மாதத்திலேயே சரிசெய்திருக்கக்கூடிய ஒன்றை டானிக் விற்றுத் தள்ளிப்போட்டார் என்பதுதான் என் கோபம்.

மருத்துவமனையில் நரம்பு வழியாக இரும்பு ஏற்றினார்கள். பிரசவமும் அங்கேயே நடந்தது. நச்சுக்கொடி வந்ததும் ரத்தம் வேகமாகப் போனது. கருப்பையைச் சுருங்க வைக்கும் ஆக்ஸிடோசினும், ரத்தக்கட்டு கரையாமல் தடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலமும் உடனே கொடுத்து நிறுத்தினார்கள். நானும் குழந்தையும் நன்றாக இருக்கிறோம்.

வீட்டுப் பிரசவமே கூடாது என்று நான் சொல்லவில்லை. முறையாகப் பயின்று பதிவு செய்த மருத்துவச்சி என்றால், முதல் சந்திப்பிலேயே ரத்த அணுக்கள் பரிசோதனையைக் கேட்பார், குறைபாட்டுக்கு அறிகுறி இருந்தால் ஃபெரிட்டினையும் கேட்பார், ஏழாம் மாதம் ரத்தத்தை மறுபடி பார்ப்பார். எந்த எண்ணுக்குக் கீழே போனால் திட்டத்தைக் கைவிடுவோம், ஆக்ஸிடோசின் ஊசியைக் குளிர் கெடாமல் எப்படி வைத்திருக்கிறார், ரத்தம் நிற்காவிட்டால் எந்த மருத்துவமனை, அங்கே போக எவ்வளவு நேரம் என்பதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். தானே மருந்து விற்கிறார் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போதே எட்டாம் மாதத்தைத் தாண்டி, எண் குறைவாக இருக்கிறவர்கள் மாத்திரையை மட்டும் நம்பி நாள் கடத்த வேண்டாம். 34 வாரத்துக்குப் பிறகு ரத்தசோகை தெரியவந்தால் நரம்பு வழி இரும்பு தேவையா என்று மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். அதுவும் வேலை செய்யச் சில வாரங்கள் வேண்டும்.