சக்கர நாற்காலியோடு இரண்டு நாள்: தரங்கம்பாடியா, காரைக்குடியா?

வீட்டில் ஒருவர் சக்கர நாற்காலியில் இருந்தால், ஊரின் அழகுக்கு முன்னால் படிகளைத்தான் பார்க்க வேண்டும்.

காரைக்குடியில் பெரிய வசதி ரயில். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராக வந்துவிடும். ஆனால் கானாடுகாத்தான் பக்கம் செட்டிநாட்டு வீடுகளைப் பார்ப்பது எளிதல்ல. முகப்பிலேயே உயரமான திண்ணை, படிகள். உள்ளே போனால் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நிலைப்படி. கைத்தடியோடு மெல்ல ஏறக்கூடியவருக்குச் சரி. நாற்காலியோடு தூக்கிச் செல்வதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். தூக்கப்படுபவரின் பயமும் கூச்சமும் நமக்குத் தெரிவதில்லை. ஆத்தங்குடியில் கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றித் தரை ஓடு செய்வதை மட்டும் அவசியம் காட்டுங்கள்.

தரங்கம்பாடிக்கு மயிலாடுதுறையில் இறங்கி கார் பிடிக்க வேண்டும். அந்த அலைச்சல் ஒன்றுதான் குறை. ஊர் சமதரை. ராஜ வீதியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்தை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே கடற்கரை வரை உருட்டிப் போகலாம். 1620இல் டேனியர்கள் எழுப்பிய கோட்டையின் மேல்தளத்துக்குப் படிதான். மணலிலும் சக்கரம் புதையும். ஆனாலும் கடல் எதிரிலேயே இருக்கிறது. நாற்காலியை விட்டு எழ முடியாதவருக்கு என் தேர்வு தரங்கம்பாடிதான்.

எங்கே போனாலும், அறை போடும் முன் குளியலறைக் கதவின் அகலத்தை அளந்து, படத்தோடு அனுப்பச் சொல்லுங்கள். 'வசதி இருக்கு சார்' என்ற பதில் போதாது. அப்புறம், ஐப்பசி, கார்த்திகை மழையில் தரங்கம்பாடி வேண்டாம். தை, மாசி நல்லது.