தஞ்சாவூரில் முகத்துக்கு ஃபில்லர்: தேடியது ஒன்று, கேட்டிருக்க வேண்டியது வேறு

ஆவணியில் மகளின் கல்யாணம் என்பதால், ஆடி பிறந்ததுமே மாயவரத்திலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலைப் பக்கம் உள்ள ஒரு தோல் மருத்துவமனைக்குச் சென்று, மூக்கோரத்திலிருந்து வாய்க்கோடிக்கு இறங்கும் கோடுகளுக்கு ஃபில்லர், அதாவது பள்ளத்தை நிரப்ப ஊசியால் ஏற்றும் மருந்து, போட்டுக்கொண்டேன். அதற்கு முன் பல இரவுகள் கைப்பேசியில் நான் தேடியவை மூன்றுதான்: எவ்வளவு ஆகும், வலிக்குமா, எத்தனை மாதம் நிற்கும்.

மூன்றுக்கும் டாக்டரம்மா ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டார். மரத்துப்போகும் களிம்பு தடவுவதாலும், மருந்திலேயே லிடோகெய்ன் என்ற மரத்துப்போகச் செய்யும் மருந்து கலந்திருப்பதாலும் வலி தாங்கக்கூடியதே. போடும் இடத்தையும் மருந்தையும் பொறுத்து ஆறு மாதம் முதல் ஒன்றரை ஆண்டு வரை நிற்கும். நான் போடாக்ஸையும் ஃபில்லரையும் ஒன்றென்றே நினைத்திருந்தேன். முன்னது தசையைத் தளர்த்துவது, பின்னது பள்ளத்தை நிரப்புவது என்று கைக்கண்ணாடியைக் கொடுத்து என் முகத்திலேயே காட்டினார்.

நான் தேடாமல் விட்டதைத்தான் அவர் நெடுநேரம் விளக்கினார். மருந்து தப்பித்தவறி இரத்தக் குழாய்க்குள் போனாலோ குழாயை அழுத்தினாலோ தோல் வெளுத்து, கடுமையாக வலித்து, அந்த இடமே அழுகக்கூடும். அரிதாகப் பார்வையே போய்விடுவதும் உண்டு. ஹையலூரோனிக் அமிலம் என்ற கூழ் போன்ற பொருளாலான ஃபில்லராக இருந்தால் அதைக் கரைக்க ஹையலூரோனிடேஸ் என்ற ஊசி இருக்கிறது. கால்சியம் வகை ஃபில்லருக்கு அந்த ஊசி பயன்படாது. கரைக்கும் மருந்து கைவசம் இருக்கிறதா என்று கேட்டபோது, கோபித்துக்கொள்ளாமல் குளிர்பெட்டியைத் திறந்து குப்பியைக் காட்டினார். அழகு நிலையத்தில் மலிவாகப் போடுகிறார்களே என்று விசாரிப்பவர்கள் அங்கே கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்.

ஊசி ஏறிய பின், இரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்றறிய, கன்னத்தை விரலால் அழுத்தி, வெளுத்த இடம் மறுபடி சிவக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். மருந்துப் பெட்டியில் இருந்த தொகுதி எண் ஒட்டியை உரித்து என் கோப்பில் ஒட்டினார்.

குறையும் உண்டு. தொலைபேசியில் 1 மில்லி சிரிஞ்சின் விலையை மட்டும் சொன்ன வரவேற்பறைப் பெண், அதற்கு மேல் ஜிஎஸ்டி வரியும் உண்டு என்பதை ரசீது நீட்டும்போதுதான் சொன்னார். வீக்கமும் கன்றலும் வடிய இரண்டு வாரம் வரை ஆகலாம் என்று டாக்டரம்மா எச்சரித்தது நல்லதாயிற்று, பதினெட்டாம் பெருக்கன்று மாயவரம் காவிரிக்கரைத் துலாக்கட்டத்தில் என்னைக் கண்ட நாத்தனார், “பல் பிடுங்கினீங்களா அண்ணி?” என்றார்.