ஆபீஸ் லென்ஸ்: அளவு டேப் எடுக்காத கடையில் வாங்காதீர்கள்

தூரம், திரை, படிப்பு மூன்றுக்கும் ஒரே லென்ஸான புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர் மானிட்டர் முன் உட்கார்ந்ததும் மோவாயைத் தூக்குவார். அந்த லென்ஸில் நடுத்தூரத்துக்குக் கிடைப்பது கண்மணிக்குக் கீழே ஒரு குறுகிய சந்து. எழுத்தை அதற்குள் கொண்டுவர முகம் தானாக நிமிரும். சாயங்காலம் கழுத்து வலிக்கும்.

இதற்கென்றே வருவது ஆபீஸ் லென்ஸ். தூரப் பார்வையை விட்டுக்கொடுத்து, திரைக்கும் படிப்புக்கும் அகலமான இடம் தருகிறது. ஜெய்ஸ் ஆபீஸ்லென்ஸில் புக், நியர், ரூம் என்று மூன்று வகை. தெளிவு முறையே 1, 2, 4 மீட்டர் வரை. நாள் முழுக்க ஒரே திரை என்றால் நியரே போதும். ரூம் எடுத்தால் எதிரே உட்கார்ந்தவர் முகமும் தெரியும், ஆனால் திரைக்கான அகலம் குறையும். எதைப் போட்டாலும் வண்டி ஓட்டக் கூடாது.

பவர் கணக்கு எளிது. 1-ஐ மீட்டர் தூரத்தால் வகுங்கள்: 40 செ.மீ. புத்தகத்துக்கு 2.50, 65 செ.மீ. மானிட்டருக்குச் சுமார் 1.50. கண் பரிசோதனைச் சீட்டில் தூரப் பவர் மைனஸ் 1.00, படிப்புக்கு ஆட் (தூரப் பவரோடு கூட்ட வேண்டியது) பிளஸ் 2.00 என்று இருந்தால், புத்தகத்தின் 2.50-இல் மீதி 0.50-ஐக் கண்ணே கொடுக்கிறது. அப்படியானால் மானிட்டரின் 1.50-இல் அந்த 0.50 போக வேண்டிய ஆட் 1.00. மைனஸ் 1.00-உடன் கூட்டினால் பூஜ்யம்! அஸ்டிக்மாடிசம் எனும் பார்வைக் குறைக்கான சிலிண்டர் பவர் இல்லாவிட்டால் இவர் கண்ணாடியைக் கழற்றினாலே திரை தெளியும். இதைச் சொல்லுகிற கடைக்காரர் அபூர்வம்.

இதே ஆளுக்கு 50 செ.மீ. லேப்டாப் என்றால் ஆட் 1.50, 80 செ.மீ.யில் பெரிய மானிட்டர் என்றால் 0.75. தூரத்தைக் கேட்காமல் எல்லோருக்கும் ஒரே கணக்குப் போடும் கடையில் இங்கேதான் காசு வீணாகிறது. மூக்குக்கும் திரைக்கும் உள்ள இடைவெளியை வீட்டிலேயே அளந்து, எண்ணோடு போங்கள்.

பி.டி.யையும், அதாவது மூக்கின் நடுவிலிருந்து கண்மணி வரை உள்ள தூரத்தையும், ஒவ்வொரு கண்ணுக்கும் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். மைனஸ் 6.00 லென்ஸின் மையம் 3 மி.மீ. விலகினால் 1.8 பிரிசம் (ஒளியை ஒரு பக்கமாக வளைக்கும் விளைவு) சேரும். பவர் சரியாக இருந்தும் கண் இழுக்கும்.

நீல ஒளியை வடிகட்டும் புளூ கட்டுக்குக் கூடுதல் பணம் வேண்டாம். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 ஆய்வுகளைத் தொகுத்த 2023 அறிக்கை, சாதாரண லென்ஸை விட அது கண் களைப்பைக் குறைப்பதாகக் காட்டவில்லை. அந்தப் பணத்தில் பிரதிபலிப்பைக் குறைக்கும் நல்ல ஆன்டி ரிஃப்ளெக்ஷன் பூச்சு வாங்கலாம். தலைக்கு மேல் டியூப்லைட் இருக்கும் இடத்தில் வித்தியாசம் உடனே தெரியும். எரிச்சலும் வறட்சியுமே தொல்லை என்றால் எந்த லென்ஸும் உதவாது. திரையைப் பார்க்கையில் இமைப்பது குறைவதுதான் பெரும்பாலும் காரணம்.

கண்ணாடி கைக்கு வந்ததும் நேராக உட்கார்ந்து திரையின் மேல் வரியைப் படியுங்கள். மோவாய் தூக்க வேண்டியிருந்தால் லென்ஸ் தாழ இருக்கிறது. மூக்குப் பட்டைகளைச் சற்று நெருக்கினால் ஃபிரேம் ஒன்றிரண்டு மி.மீ. ஏறும். அப்போதும் சரிவராவிட்டால் ஃபிட்டிங் உயரம் (கண்மணிக்கு ஏற்ப ஃபிரேமில் லென்ஸை வைத்த உயரம்) தப்பு, லென்ஸையே மாற்றித் தரக் கேளுங்கள்.